முத்துக் கட்டிய முருங்கை

ஆத்தா, ஜெயமங்கலத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலி நீ பார்த்துவிட்டுப் போன அளவிலேயே இருக்கிறது. மாத்திரை தீரவில்லை, கண் ஆபரேஷன் செய்த இடத்தில் தொந்தரவு இல்லை. நீ டேராடூனுக்கு ரயிலேறிப் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். பேத்தி காயப்போட்டு மறந்துபோன பச்சைப் பாவாடையை இன்னும் எடுத்து மடிக்கவில்லை. கொடியில் அது ஆடிக்கொண்டிருந்தால் வீட்டில் பிள்ளை இருக்கிற மாதிரித் தோன்றுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று கேட்பாய். இருக்கிறது. நீ போவதற்கு முதல் நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் தெரியாது என்றேன். அது பொய். அந்தப் பொய்யை உன் படிப்புக்குள் விட்டுவிட்டு என்னால் சாக முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மாசி மாதம் நீ வந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மூன்று வருஷம் கழித்து வந்தவள், மறுநாள் காலையிலேயே தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். பைக்குள் விரல் நீளத்தில் குப்பிகள், ஸ்பிரிட் வாடை. வெற்றிலைக் கொடிக்கால்களிலும் வேலிகளிலும் நிற்கிற கல்யாண முருங்கையைத் தேடித் தேடிப் போனாய். காய் காய்க்கிற முருங்கை வேறு, இது வேறு, இது முள் வைத்து, சிவப்பாகப் பூத்து, வெற்றிலைக் கொடி பற்றி ஏற நிற்கிற மரம் என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இலைக்காம்பில் முண்டு முண்டாகப் புடைத்திருந்ததை நீ பிளேடால் கீறி, கடுகில் பாதி கூட இல்லாத குளவியை பிரஷ் நுனியால் எடுத்துக் குப்பியில் போட்டாய். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, மக பெரிய ஆபீசருன்னு சொன்னீக. இங்கன வந்து இலை பொறக்கிட்டுத் திரியுது?" என்றாள். "இலை இல்லடி, இலைக்குள்ள இருக்கிற குளவி. என் மக அதுக்கு ஜாதகம் எழுதுறா" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அன்றைக்கு நெஞ்சு எப்படி நிமிர்ந்திருந்தது என்று உனக்குத் தெரியாது.

நீ ஊர் ஊராகச் சேர்த்த குளவிகளை மதுரைக்கு அனுப்பி மெஷினில் பார்த்து வாங்கிய பிறகு, ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்தரம் நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். நீ பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாவு உருண்டையைப் பிய்த்துத் தின்றுகொண்டே சொன்னாய். "இந்தக் குளவி நம்ம நாட்டுது இல்லம்மா. வெளிய இருந்து வந்தது. எந்த வழியா வந்துச்சு, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குப் போச்சுன்னு யாரும் எழுதி வைக்கல. குளவியோட உடம்புக்குள்ளதான் எழுதியிருக்கு."

"உடம்புக்குள்ள யாரு எழுதுனா?"

"அதோட ஆத்தா எழுதுனது. அந்த ஆத்தாவுக்கு அதோட ஆத்தா. ஒவ்வொரு தலைமுறையும் முன்னால இருக்கிறதைப் பார்த்து எழுதிக்கிட்டே வரும். எங்கயாச்சும் ஒரு பிழை விழுந்துச்சுன்னா, அடுத்தது அந்தப் பிழையோடவே எழுதும். ரெண்டு ஊர்க் குளவிக்குள்ள ஒரே பிழை இருந்தா, அது ரெண்டும் ஒரே கூட்டம்."

எனக்கு அது அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் பசுவைப் பற்றி எழுதச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதினேன். அவள் 'பசுவுக்கு நாளு கால்' என்று எழுதியிருந்தாள். நானும் நாளு கால் வைத்தேன். வாத்தியார் இரண்டு நோட்டையும் தூக்கிக் காட்டி, "வகுப்புல ரெண்டு பேரு மட்டும் நாளு கால் வச்ச பசு வளக்குறீக. யாரு பசு யாரு வீட்டுக்குப் போச்சு?" என்றார். அடி எனக்குத்தான் விழுந்தது. இதைச் சொன்னதும் நீ மாவு தொண்டையில் சிக்கி, இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "அம்மா, நான் இருபது வருசம் படிச்சதை நீ அஞ்சாங் கிளாஸ்லயே படிச்சு முடிச்சுட்ட" என்று என் தோளில் சாய்ந்தாய். உன் தலையின் கனம் அப்படியே இருந்தது, சின்ன வயதில் இருந்த மாதிரியே. அதற்கு மேல் நீ ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

பேத்திதான் கம்ப்யூட்டரைத் திறந்து படத்தைக் காட்டினாள். கிழக்கே மதுரைப் பக்கமிருந்து வந்த குளவிக் கூட்டத்துக்கு நீலப் புள்ளி, கேரள மலையில் இருக்கிற கூட்டத்துக்குச் சிவப்புப் புள்ளி என்றாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரே சிவப்பு. கம்பம் நீலம், சின்னமனூர் நீலம், தேனி நீலம், வருசநாட்டில் நீ நாலு நாள் நடந்து சேர்த்ததும் நீலம். நடுவில் நம் ஊர் மட்டும் சிவப்பு. நம் ஊரிலிருந்து வடக்கே மலையடிவாரத்து மாந்தோப்புகள், அதற்கும் மேலே காடு, காட்டுக்குள் தானாக முளைத்து நிற்கிற முருங்கைகள் வரைக்கும் சிவப்பு ஏறிப் போயிருந்தது. "அம்மாச்சி, இந்தச் சிவப்பு மட்டும் எப்படி இங்கன குதிச்சு வந்துச்சு?" என்று கேட்டாள். நீ சொன்னாய்: "அதான்டி புரியல. தானா பறந்து வந்திருந்தா கம்பத்துலயும் சின்னமனூர்லயும் இறங்கியிருக்கணும். மலையில இருந்து ஒத்தைக் குளவி மட்டும் டிக்கெட் எடுத்து பஸ்ல ஏறி, நேரா ஜெயமங்கலத்துல வந்து இறங்கியிருக்கு." நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சிரிக்காமல் எண்ணெயில் கிடந்த முறுக்கைத் திருப்பிப் போட்டேன்.

பிறகு நீ குரலை இறக்கிக் கேட்டாய். "நம்ம ஊர்ல ஒரு நீலம் கூட இல்லம்மா. சித்தப்பா கிழக்க இருந்து வாங்கி நட்ட முருங்கைப் போத்துல குளவி வந்திருந்தா இங்கன நீலமால்ல இருக்கணும்? கொடிக்காலெல்லாம் அழிஞ்சதுக்கு ஊரே அவுக மேல பழி போட்டுச்சே. அந்த வருசம் மலையில இருந்து யாராச்சும் முருங்கைக் கிளை கொண்டு வந்தாகளா? நீ நெனச்சுப் பாரேன்." நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "தெரியாதுத்தா" என்றேன். நீ பெருமூச்சு விட்டு, "சரி, வந்த வழி தெரியவில்லைன்னு எழுதிர்றேன். வழி தெரிஞ்சா அடுத்த பூச்சி வர்றப்ப அந்த வழியையாச்சும் அடைக்கலாம்னு பார்த்தேன்" என்று எழுந்து போய்விட்டாய்.

அந்த வழி நான்தான். உன் குளவிக்கு பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவள் நான்தான்.

உன் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் ஊன்றக் கல்யாண முருங்கைக் கிளை வேண்டும். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? எந்தக் கொடிக்காலில் கேட்டாலும் வெட்டித் தருவார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர்கள், நம்மைவிட ஒரு படி மேலே. நீயோ நம் சொந்தத்தில் எம்.எஸ்ஸி. படித்த முதல் பெண். எல்லார் வீட்டிலும் ஊன்றுகிற கிளையை உனக்கும் ஊன்ற எனக்கு மனசு வரவில்லை. வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்துக்குள் இருந்தாளே என் அக்கா, உன் பெரியம்மா, பத்திரிகை வைக்க அவள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். மிளகுக்கொடி ஏற்றிய முருங்கைகள் வீட்டு உயரத்துக்கு நின்றன. அங்கே அதை முரிக்கு என்பார்கள். அதில் ஒரு மரத்தின் இலையெல்லாம் முத்து முத்தாகக் கட்டியிருந்தது. நான் அந்த மரத்தைத்தான் வெட்டச் சொன்னேன்.

"அடியே, அது வேண்டாம்" என்றாள் அக்கா. "இந்த வருசம் முரிக்குக்கு என்னமோ தீனம். இலை சுருண்டு போகுது பாரு."

"சுருளலக்கா. முத்துக் கட்டியிருக்கு. சூல் பிடிச்ச மாதிரி இல்ல?"

"உனக்குப் பேரப்பிள்ளை ஆசை கண்ணை மறைக்குது."

"மறைச்சா மறைச்சுட்டுப் போகுது. நீ அருவாளை எடு."

ஆத்தா, சொல்ல ஒருத்தி இருந்தாள். சொல்லவும் செய்தாள். அவள் இப்போது இல்லை. இதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. புடைப்பைப் பார்த்தால் நோய் என்று தோன்ற வேண்டிய இடத்தில் எனக்குக் கர்ப்பம் என்று தோன்றியது. கல்யாணக் கிளையில் பிள்ளை வரத்தைத் தேடுகிற எங்களைப் போன்ற பெண்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும்.

கிளையை ஈரச்சாக்கில் சுற்றி, சணலால் கட்டி, பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர், "என்னம்மா, மரத்தையே பேத்துக்கிட்டு வந்துட்டீக?" என்றார். மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் கிளை என்றதும், "அப்படியா, பொண்ணை ஜன்னலோரம் உக்கார வைங்க. லக்கேஜ் டிக்கெட் மட்டும் வாங்கிக்கங்க" என்றார். பஸ்ஸில் இருந்த பெண்கள் சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கம்பத்தில் ஒரு தடவை, தேனியில் ஒரு தடவை, கட்டை அவிழ்க்காமலே சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தேன். ஒரு தளிரும் வாடக் கூடாது, ஒரு முத்தும் உதிரக் கூடாது என்று மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தேன். உன் படத்தில் நடுவழியில் ஒரு சிவப்புப் புள்ளியும் ஏன் விழவில்லை என்று கேட்டாயே, நான் சாக்கை வழியில் எங்கும் அவிழ்க்கவில்லை, அதனால்தான்.

வீட்டுக்கு வந்தால் உன் சித்தப்பா தன் கொடிக்காலிலிருந்து நேரான கிளை ஒன்றை வெட்டி, கழுவி, மஞ்சள் பூசி, சுவரில் சாத்தி வைத்திருந்தார். நான் என்னுடையதை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மதினி, நம்ம கிளைக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல தம்பி. இது மலைக்கிளை. பாப்பா கல்யாணத்துக்கு ஒரு விசேசமா இருக்கட்டுமேன்னு..."

"சரிதான். எங்க கிளைக்குப் படிப்புப் பத்தல போல" என்று அவர் சொன்னார். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அந்தக் கிளை மறுநாள் ஆட்டுக்குப் போனது. முண்டு இல்லாத, நோய் இல்லாத கிளை அது. மணப்பெண் தலை நிமிரக் கூடாது என்று உன்னைக் குனிய வைத்ததும் நான்தான். நீ நிமிர்ந்து ஒரு தடவை அந்த இலைகளைப் பார்த்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பாய்.

கல்யாணம் முடிந்து கிளையை வாசலில் ஊன்றினோம். பிடித்துக்கொண்டது. சித்திரையில் தளிர் விட்டது, தளிரிலும் முத்து. அதே மாதம் நீ முழுகாமல் இருக்கிறாய் என்று ஓடைப்பட்டியிலிருந்து செய்தி வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? "உன் மலைமுருங்கை கைராசியான மரம்" என்று பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள், மருமகளுக்குத் தள்ளித் தள்ளிப் போகிறது என்கிறவர்கள், ஆண் பிள்ளை வேண்டும் என்கிறவர்கள். முருங்கைக் கிளையை ஒரு முழம் வெட்டி ஊன்றினால் போதும், பிடித்துக்கொள்ளும். அதைத்தான் போத்து என்போம். ஆடிச் சாரலில் ஒவ்வொருத்திக்கும் ஒரு போத்து, முத்து நிறைய இருக்கிறதாகப் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன். சிலர் வீட்டுக்கு நானே போய் ஊன்றினேன். மலையடிவாரத்து மாந்தோப்பு வீட்டுக்கு வண்டி கட்டிப் போய் வேலியோரம் நட்டேன். அங்கிருந்து பார்த்தால் காடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. காட்டுக்குச் சிவப்பு எப்படி ஏறியது என்று இனி நீ தேட வேண்டாம்.

உன் சித்தப்பா ஆவணியில் புதுக் கொடிக்கால் போட்டார். ஊரில் போத்துப் போதவில்லை என்று கிழக்கே ஒரு நாற்றுப்பண்ணையில் ஒரு வண்டி வாங்கி வந்தார். புரட்டாசியில் ஊர் முழுக்க முருங்கை இலை சுருள ஆரம்பித்தது. ஐப்பசியில் கொட்டியது. நிழல் போனதும் வெற்றிலை வெந்து மஞ்சளாகிக் கொடியோடு சரிந்தது. எல்லாருக்கும் கை நீட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது, வண்டியில் போத்துக் கொண்டுவந்தவர் கண்ணுக்கு எதிரே இருந்தார். அவருக்குச் சீக்குவாங்கி என்று பெயர் வைத்தார்கள். டீக்கடைக்குப் போனால், "ஏலே, சீக்குவாங்கி வர்றான், வெத்தலைக் கூடையை மூடுங்கடா" என்பார்கள்.

எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. மற்ற எவர் மரத்துக்கும் முன்னால் இலை உதிர்ந்தது நம் வாசல் மரம். முத்துகளில் ஊசியால் குத்தியது போல ஓட்டைகள் விழுந்திருந்தன. ஒரு நாள் ஓட்டைக்குள்ளிருந்து குளவி வெளியே வருவதைப் பார்த்தேன். ஒன்று, இன்னொன்று, பின்னும் ஒன்று. உன் வளைகாப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, உன் அப்பா சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்தில் மரத்தை வெட்டிக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். நீ வந்து, "மரம் எங்கம்மா?" என்று கேட்டாய். காற்றில் சாய்ந்துவிட்டது என்றேன். அதுதான் இந்த விஷயத்தில் உன்னிடம் நான் சொன்ன முதல் பொய்.

கார்த்திகையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. உன் அப்பாவை எழுப்பிக் கேட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "என் தம்பி விசாரிக்காம வாங்கிட்டு வந்தது தப்புதான். அண்ணன்ங்கிற முறையில நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார்.  சித்தப்பா அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெண்கள் பக்கம் நின்றேன். சீக்குக் கிளையைக் கொண்டுவந்தது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ ஒன்பது மாசம், வீட்டுக்குள் படுத்திருந்தாய். கல்யாணக் கிளையே சீக்குக் கிளை என்று தெரிந்தால் உன் மாமியார் வீட்டில் உன்னை என்ன சொல்வார்கள், பிறக்கப் போகிற பிள்ளையை என்ன சொல்வார்கள் என்று பயந்தேன். இத்தனை வருஷமும் அந்தக் காரணத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி, கைராசிக்காரி என்று கும்பிட்ட அதே பெண்கள் முன்னால் சிறுத்துப் போக என்னால் முடியவில்லை. சித்தப்பா அந்த மாதமே கொடிக்காலை விட்டுவிட்டு மலையேறி வண்டன்மேட்டுக்குப் போனார். உன் அப்பா செத்த அன்றைக்கும் வரவில்லை என்று நாம் எல்லாரும் குறை சொன்னோம்.

நீ ரயிலேறியதிலிருந்து 'தெரியவில்லை' என்கிற அந்த ஒரு வார்த்தை என்னைச் சும்மா விடவில்லை. காடு மேடெல்லாம் நடந்து, முள் கிழித்து, ஊர் ஊராகக் குளவி சேர்த்து, என் மகள் எழுதுகிற எழுத்தில் ஒரு ஓட்டை இருக்கப் போகிறது. அந்த ஓட்டையைப் போட்டது நான். உன்னை வனத்துறைப் படிப்புக்கு அனுப்ப மாட்டேன், காட்டுக்குப் போகிற பொண்ணை யார் கட்டுவார்கள் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள்தானே நான். அன்றைக்கு உன் படிப்பைத் தடுத்தேன், இன்றைக்கு அதைக் கெடுக்கிறேன் என்று தோன்றியது. போன வாரம் பஸ் ஏறி வண்டன்மேட்டுக்குப் போனேன்.

உன் சித்தப்பா ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "மதினி, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். முதல் கேள்வியே உன்னைப் பற்றித்தான். அங்கேயே, ஏலக்காய் மூட்டையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா எச்சரித்தது, சாக்கு, போத்துக் கொடுத்தது, கொளுத்தியது, கோயில் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. அவர் முறத்தில் இருந்த காயைத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"நான் வாங்குன போத்துல பூச்சி இல்லைன்னு பாப்பா சொல்லிச்சா?"

"ஆமா தம்பி. குளவிக்குள்ளயே எழுதியிருக்காம்."

"மெஷின்ல பார்த்துச்சா?"

"மெஷின்ல பார்த்துத்தான்."

அவர் திரும்பி, உள்ளே மூட்டை தைத்துக்கொண்டிருந்த மலையாளத்துக்காரரிடம் சத்தம் போட்டுச் சொன்னார்: "சேட்டா, கேட்டீங்களா! நான் வாங்குன போத்து நல்ல போத்தாம். எங்க பாப்பா மெஷின்ல பார்த்துச் சொல்லியிருக்கு!" அந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை, சும்மா சிரித்துவைத்தார். உன் சித்தப்பாவுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது, துண்டால் மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "அண்ணன் போனப்ப நான் வந்தேன் மதினி. ஊர் எல்லையில, பாலத்துக்கிட்ட நின்னேன். சீக்குவாங்கி வந்துட்டான்னு எவனாச்சும் சொல்லி, அண்ணன் கடைசிப் போக்குல அது விழுந்துறக் கூடாதுன்னு உள்ள வரல."

நான் அவர் காலில் விழக் குனிந்தேன். அவர் நகர்ந்துகொண்டார். "மூத்தவுக விழக் கூடாது. மன்னிக்கிறதெல்லாம் எனக்கு இப்ப வராது மதினி, பொய் சொல்ல மாட்டேன். டீ குடிச்சுட்டுப் போங்க." டீ வந்தது, குடித்தேன். பஸ் வரைக்கும் கூட வந்தார். ஏறும்போதுதான் சொன்னார்: "இங்கன வந்து என்கிட்ட மட்டும் சொன்னா அது மலையிலயே நின்னுரும். எழுதுங்க. பாப்பாவுக்கே எழுதுங்க. எழுதி, ஊருக்கும் வாசிச்சுக் காட்டுங்க."

அதனால் இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை வரும் ஞாயிற்றுக்கிழமை கொடிக்கால் விவசாயிகள் கூட்டத்தில் நானே வாசிக்கப் போகிறேன். என்னிடம் போத்து வாங்கிப் போன பெண்களும் வருவார்கள். சிலர் காறித் துப்பலாம். சிலர் மாமியாராகிவிட்டார்கள், அவர்கள் அந்த மரத்தால்தான் பிள்ளை பிறந்தது என்று இன்னும் என்னோடு சண்டை போடுவார்கள். எதுவானாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன். உன் சித்தப்பாவின் பெயரை ஊரில் முழுப் பெயராகச் சொல்ல வைக்காமல் நான் உட்கார மாட்டேன்.

நீ எழுதுகிறதில் 'வந்த வழி தெரியவில்லை' என்று இருக்கிற இடத்தை அடித்துவிடு. ஒரு தாய் தன் மகளின் முகூர்த்தக்காலுக்கு மலையிலிருந்து கிளை கொண்டுவந்தாள், பிறகு அதை வெட்டி ஊரெல்லாம் கொடுத்தாள் என்று எழுது. என் பெயர் போட வேண்டியிருந்தால் போடு, எனக்கு வெட்கமில்லை. இன்னொன்றும் கேட்டுக்கொள், நான் உனக்குச் சொல்லிக் கொடுக்க மீதி இருப்பது இது ஒன்றுதான். நீ ஊர் ஊராகப் போய், வெளியிலிருந்து செடி யார் கொண்டுவந்தது என்று கேட்கிறாய். அப்படிக் கேட்டால் எல்லாரும் வண்டியில் சரக்கு ஏற்றியவனைத்தான் நினைப்பார்கள். கல்யாணத்துக்கு என்ன ஊன்றினீர்கள், தாய்வீட்டிலிருந்து என்ன பதியன் கொண்டுவந்தீர்கள், கோயிலுக்கு நேர்ந்து என்ன நட்டீர்கள் என்று பெண்களிடம் கேள். மடியில் வைத்துக் கொண்டுபோனதை யாரும் சரக்கு என்று நினைக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. அடுத்து வரப்போகிற பூச்சியும் அப்படி ஒரு மடியில்தான் உட்கார்ந்து வரும்.

இதைப் படித்ததும் உனக்கு என்மேல் என்ன வருமென்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. சித்தப்பாவின் தோளில் ஏறித் தேர் பார்த்த பிள்ளை நீ. அவர் போனதிலிருந்து ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டவள். இருபது வருஷமாக யார்மேல் என்று தெரியாமல் நீ வைத்திருந்த கோபத்துக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் ஆத்தா, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. போனில் திட்டவும் வேண்டாம், போனில் திட்டினால் சீக்கிரம் தீர்ந்துபோகும். ரயிலேறி வா. வாசலில் நின்று, தெருவே கேட்கத் திட்டு. ஒரு பதிலும் பேச மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். லீவு எத்தனை நாள் கிடைக்கிறதோ அத்தனை நாளும் திட்டு.

அம்மா